குட்டி யானைக்குப் பின்னால் சிவப்பு எரியுதா? பிக்கப் வண்டியின் பிரேக் லைட் கோளாறை நீங்களே கண்டுபிடிக்கலாம்!

அதிகாலை நாலு மணி. எட்டரை, போசம்பட்டி பக்கமிருந்து பூ மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம் பூச்சந்தைக்கு ஒரு பிக்கப் வண்டி வருகிறது. வயலூர் ரோடு, சத்திரம் பேருந்து நிலையம், காவிரிப் பாலம் என்று வந்து மாம்பழச்சாலை சந்திப்பை நெருங்குகிறது. முன்னால் ஒரு நாய் குறுக்கே ஓட, டிரைவர் பிரேக்கை மிதிக்கிறார். வண்டி நின்றுவிட்டது. பின்னால் மொபெட்டில் பால் கேனோடு வருபவருக்கு அது நின்றது தெரியுமா?

பிரேக் லைட் எரிந்தால் தெரியும். எரியாவிட்டால், வண்டி கிட்ட வந்த பிறகுதான் தெரியும்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிவிடும். 60 கி.மீ. வேகம் என்றால் 16 மீட்டருக்கும் மேல். முன்னால் போகிற வண்டி வேகம் குறைக்கிறது என்பதைப் பின்னால் வருபவர் ஒரே ஒரு நொடி தாமதமாகப் புரிந்துகொண்டால் போதும், அவ்வளவு தூரம் கையை விட்டுப் போய்விடும். அந்தத் தூரத்துக்குள்தான் பல நேரம் உயிர் இருக்கிறது.

காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி, தொட்டியம் பக்கமிருந்து வாழைத்தார், ஸ்ரீரங்கத்துக்குப் பூ என்று திருச்சியின் சரக்குப் போக்குவரத்தில் பெரும்பகுதி இரவிலும் விடியற்காலையிலும்தான் நடக்கிறது. அதைச் சுமப்பவை நாம் செல்லமாக ‘குட்டி யானை’ என்று கூப்பிடும் டாடா ஏஸ், அசோக் லேலண்ட் தோஸ்த், மஹிந்திரா பொலிரோ பிக்கப் போன்ற சின்ன சரக்கு வண்டிகள். இந்த வண்டிகளில் டிரைவர் தன் பிரேக் லைட்டைத் தானே பார்க்க முடியாது. பல்பு போய் ஒரு மாதம் ஆகியிருந்தாலும் யாராவது சொன்னால்தான் தெரியும்.

எங்கள் குடும்பத்திலேயே இது நடந்தது. என் மாமா சொந்தமாக ஒரு பிக்கப் ஓட்டுகிறார். ஒருநாள் இரவு சஞ்சீவி நகர் சிக்னலில் நின்றபோது, பின்னால் வந்த பைக்காரர் நூலிழையில் தப்பி, பக்கத்தில் வந்து, “அண்ணே, உங்களுக்குப் பின்னாடி ஒரு லைட்டும் வரல” என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஃபியூஸ் போயிருந்தது. மாற்ற ரெண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அது எத்தனை நாளாகப் போயிருந்தது என்று மாமாவுக்கு இன்றுவரை தெரியாது.

உங்களுக்கு அப்படி ஆகாமல் இருக்கத்தான் இந்தக் கட்டுரை. மெக்கானிக் இல்லாமலே நீங்கள் எதையெல்லாம் பார்க்கலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் போகணும், சட்டம் என்ன சொல்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில், பிரேக் லைட் எப்படி எரிகிறது?

வழி ரொம்ப எளிது. பேட்டரியிலிருந்து கரண்ட் கிளம்பி ஃபியூஸுக்கு வருகிறது. அங்கிருந்து பிரேக் பெடல் பக்கத்தில் இருக்கும் சுவிட்சுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் சுவிட்ச் இணைப்புக் கொடுக்கும். பிறகு சேஸிஸ் ஓரமாகப் போகும் ஒயர் வழியாகப் பின்னால் இருக்கும் ஹோல்டருக்கும் பல்புக்கும் போகும். கடைசியாக பல்பிலிருந்து ‘எர்த்’ வழியாக, அதாவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாக, பேட்டரிக்கே திரும்பிவிடும்.

பேட்டரி, ஃபியூஸ், சுவிட்ச், ஒயர், பல்பு, எர்த். இந்த ஆறில் எங்கே அறுந்தாலும் லைட் எரியாது. கோளாறு தேடுவது என்றால் இந்த ஆறில் எது என்று கண்டுபிடிப்பதுதான்.

தனியாக இருக்கும்போது சோதிப்பது எப்படி?

“பெடலை மிதிக்க ஒரு ஆள், பின்னால் பார்க்க ஒரு ஆள் வேணுமே” என்று தள்ளிப்போட வேண்டாம். மூணு வழி இருக்கு.

• இருட்டிய பிறகு வண்டியின் பின்பக்கத்தை ஒரு சுவர் அல்லது கடை ஷட்டர் அருகில் நிறுத்தி பெடலை மிதியுங்க. சுவரில் சிவப்பு வெளிச்சம் ரெண்டு பக்கமும் விழுகிறதா என்று கண்ணாடியில் தெரிந்துவிடும்.

• செல்போனை வண்டிக்குப் பின்னால் எதன்மீதாவது சாய்த்து வைத்து வீடியோ ஓடவிட்டு, பெடலை நாலைந்து முறை மிதித்துவிட்டு வந்து பாருங்க.

• பெடலுக்கும் சீட்டுக்கும் நடுவில் அளவான ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பாருங்க.

எந்த வேலைக்கும் முன்னால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்க. பல்பையோ ஒயரையோ தொடும்போது சாவி ஆஃப்பில் இருக்கட்டும். சில வண்டிகளில் சாவி போடாமலே பிரேக் லைட் எரியும், சிலவற்றில் சாவி போட்டால்தான் எரியும். உங்க வண்டி எந்த வகை என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்க. இல்லாவிட்டால் நல்ல லைட்டையே கெட்டுப்போனதாக நினைத்துவிடுவீங்க.

அறிகுறியை வைத்து இடத்தைப் பிடிக்கலாம்

• ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை: அந்தப் பக்கத்துப் பல்பு, ஹோல்டர், அந்தப் பக்கத்து ஒயர் அல்லது எர்த். ஃபியூஸையும் சுவிட்சையும் தேட வேண்டியதில்லை. அவை போயிருந்தால் இன்னொரு பக்கமும் எரியாது.

• ரெண்டு பக்கமும் எரியவில்லை: முதலில் ஃபியூஸ், அடுத்து பெடல் சுவிட்ச், பிறகு பொதுவான ஒயர். ஒரு பல்பு போய் நாளாகி, இப்போது ரெண்டாவதும் போயிருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

• பெடலை விட்டாலும் எரிந்துகொண்டே இருக்கிறது: பெடல் சுவிட்ச் அல்லது அதைத் தொடும் ரப்பர்.

• மங்கலாக எரிகிறது; பிரேக் போட்டால் இண்டிகேட்டர் மினுக்குகிறது; இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் துடிக்கிறது: பெரும்பாலும் எர்த் கோளாறு.

• மேடு பள்ளத்தில் அணைந்து அணைந்து எரிகிறது: எங்கோ லூஸ் காண்டாக்ட்.

• புது ஃபியூஸ் போட்டதும் மறுபடி போகிறது: ஒயர் எங்கோ உரசி ஷார்ட் ஆகிறது.

படி 1: பல்பு

டெயில் லைட் கண்ணாடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்க. பல்பு சூடாக இருந்தால் ஆறவிடுங்க. பல்பை லேசாக உள்ளே அமுக்கி இடது பக்கம் திருப்பினால் வெளியே வந்துவிடும்.

பல வண்டிகளில் டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்புக்குள் இருக்கும். கடையில் ‘டபுள் காண்டாக்ட் பல்பு’ என்று கேட்டால் தருவார்கள். பல்பின் அடியில் ‘12 வோல்ட், 21/5 வாட்’ என்று எழுதியிருக்கும். இதற்குள் ரெண்டு இழைகள் உண்டு. 5 வாட் இழை இரவில் தொடர்ந்து எரியும் டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பின்னால் சிவப்பு எரிவதைப் பார்த்துவிட்டு “லைட் நல்லாத்தானே இருக்கு” என்று நினைத்துக்கொள்கிறார்கள். எரிவது 5 வாட் இழை மட்டுமாக இருக்கும், 21 வாட் இழை அறுந்து கிடக்கும். பெடலை மிதித்ததும் வெளிச்சம் பளிச்சென்று கூடுகிறதா என்பதுதான் சோதனை.

வெளிச்சத்துக்கு எதிரே பல்பைப் பிடித்துப் பாருங்க. இழை அறுந்திருந்தாலோ கண்ணாடி உள்ளே கறுத்திருந்தாலோ பல்பை மாற்றிவிடுங்க. சந்தேகமாக இருந்தால் வலது பல்பை இடதிலும் இடது பல்பை வலதிலும் மாற்றிப் போட்டுப் பாருங்க. கோளாறு பல்போடு சேர்ந்து பக்கம் மாறினால் குற்றவாளி பல்பு. அதே பக்கத்தில் நின்றால் ஹோல்டர், ஒயர் அல்லது எர்த்.

புதுப் பல்பு போடும்போது கவனம். இந்தப் பல்பின் ரெண்டு பக்கக் குமிழ்களும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். உட்காரவில்லை என்றால் திருப்பிப் போடுங்க, முரட்டுத்தனமாக அழுத்தாதீங்க. அழுத்தி மாற்றிப் போட்டுவிட்டால் டெயிலுக்கு 21 வாட்டும் பிரேக்குக்கு 5 வாட்டும் எரியும். அப்புறம் பிரேக் போட்டதே பின்னால் வருபவருக்குத் தெரியாது.

பல்பு அடிக்கடி போகிறதா? பின்கதவை எப்படி மூடுகிறீர்கள் என்று பாருங்க. லோடு இறக்கியதும் ‘டமார்’ என்று அடித்து மூடும் அதிர்ச்சியிலேயே இழை அறுந்துபோகும்.

படி 2: ஹோல்டர்

பூ, கீரை, வாழை இலை ஏற்றும் வண்டிகளில் எப்போதும் தண்ணீர் சொட்டும். சந்தையிலிருந்து திரும்பியதும் பாடியைக் குழாய் போட்டுக் கழுவுவோம். அந்தத் தண்ணீர் கண்ணாடியின் ஓரமாக இறங்கி ஹோல்டரில் தங்கி, துருவும் பச்சை நிறப் பூஞ்சு போன்ற படிவும் பிடிக்கும். அதன்மேல் எவ்வளவு நல்ல பல்பைப் போட்டாலும் எரியாது.

சாவியை ஆஃப் செய்து, சம்பந்தப்பட்ட ஃபியூஸையும் எடுத்துவிட்டு, ஹோல்டரின் உட்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்க. அடியில் இருக்கும் ஸ்பிரிங் காண்டாக்ட் அமுங்கிப்போயிருந்தால் லேசாக நிமிர்த்துங்க. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்க. அதை மாற்றாவிட்டால் அடுத்த மழையில் இதே வேலையை மறுபடி செய்யணும்.

படி 3: ஃபியூஸ்

ஃபியூஸ் பாக்ஸ் பெரும்பாலும் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும். எந்த ஃபியூஸ் எதற்கு என்ற படம் அதன் மூடியிலோ வண்டியோடு வந்த கையேட்டிலோ இருக்கும். சில வண்டிகளில் பிரேக் லைட்டோடு வேறு கருவிகளும் ஒரே ஃபியூஸில் இருக்கும். அதனால் பிரேக் லைட்டோடு சேர்ந்து ஹார்ன் போன்ற வேறு ஏதாவது நின்றிருந்தால் ஃபியூஸ் மேல் சந்தேகம் கூடும்.

இப்போதைய வண்டிகளில் இருப்பவை பிளாஸ்டிக் தலை வைத்த தட்டை ஃபியூஸ்கள். நிறமே அளவைச் சொல்லிவிடும். சிவப்பு என்றால் 10 ஆம்ப், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தால் அதே நிறத்தில் புதுசு போடுங்க.

“இருக்கிறதிலேயே பெருசா போட்டுட்டா போகாதுல்ல?” என்று சிலர் கேட்பார்கள். ஃபியூஸ் அறுவது உங்கள் ஒயரைக் காப்பாற்றத்தான். ரெண்டு 21 வாட் பல்பு சேர்ந்தால் 42 வாட், 12 வோல்ட்டில் 3.5 ஆம்ப்தான் இழுக்கும். அதற்கு 10 ஆம்ப் ஃபியூஸே தாராளம். அப்படியும் அறுகிறது என்றால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அந்த இடத்தில் 30 ஆம்ப் போட்டாலோ, ஒயர் துண்டோ சிகரெட் பெட்டியின் ஈயத்தாளோ வைத்தாலோ, அறுவதற்குப் பதிலாக ஒயர் பழுத்து உருகும். வண்டி தீப்பிடிக்க அது போதும்.

இன்னொன்று. அழகுக்காக பாடியைச் சுற்றி பிரேக் லைட் ஒயரிலேயே கூடுதல் பல்புகள் மாட்டுவது உண்டு. ஒவ்வொரு 21 வாட் பல்பும் 1.75 ஆம்ப் கூட்டும். ஆறு பல்பு சேர்த்தால் மொத்தம் 14 ஆம்ப் ஆகிவிடும். ஃபியூஸ் மட்டுமா போகும்? பெடல் சுவிட்சின் காண்டாக்டும் கருகும். கூடுதல் பல்பு வேணுமென்றால் ரிலே வைத்துத் தனி ஒயர் இழுக்கணும். இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

படி 4: பெடல் சுவிட்ச்

பிரேக் பெடலின் மேல்பகுதியில் டார்ச் அடித்துப் பாருங்க. ரெண்டு ஒயர் போகும் சின்ன சுவிட்ச் தெரியும். காலை எடுத்தால் பெடல் மேலே வந்து சுவிட்சின் முனையை அமுக்கி வைத்திருக்கும், அப்போது லைட் அணைந்திருக்கும். பெடலை மிதித்தால் முனை வெளியே வந்து லைட் எரியும்.

முதலில் விரலால் அந்த முனையை நகர்த்திப் பாருங்க. மண்ணும் பிசுக்கும் சேர்ந்து சிக்கிக்கொண்டிருக்கலாம். கப்ளர் கழன்றிருக்கலாம். சுவிட்சைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்து இடம் மாறியிருக்கலாம். நட்டைச் சரிசெய்து, பெடலை லேசாகத் தொட்டதுமே லைட் வரும்படி வைத்தால் போதும்.

லைட் அணையவே இல்லை என்றால், பெடலில் முனை வந்து முட்டும் இடத்தில் இருக்கும் சின்ன ரப்பர் நொறுங்கி விழுந்திருக்கிறதா என்று பாருங்க. கால் வைக்கும் இடத்தில் ரப்பர் துகள்கள் கிடந்தால் அதுதான் காரணம். “எரிஞ்சுக்கிட்டே இருந்தா என்ன, நல்லதுதானே” என்று விட்டுவிடாதீங்க. எப்போதும் எரியும் லைட்டைப் பார்ப்பவருக்கு நீங்கள் எப்போது பிரேக் போடுகிறீர்கள் என்று தெரியாது. சாவி இல்லாமலே எரியும் வண்டி என்றால் ராத்திரி முழுக்க 3.5 ஆம்ப் இழுத்து, காலையில் பேட்டரி இறங்கிப்போயிருக்கும்.

ரெண்டு ஒயர் மட்டும் உள்ள பழைய வண்டியில் இன்னொரு சோதனை செய்யலாம். சுவிட்சின் கப்ளரைக் கழற்றி, கப்ளரின் ரெண்டு முனைகளையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்துப் பாருங்க. லைட் எரிந்தால் சுவிட்ச் போய்விட்டது என்று அர்த்தம். சோதனை முடிந்ததும் அந்த ஒயரை எடுத்துவிடுங்க.

ஆனால் பி.எஸ். 6 வண்டிகளில், அதாவது 2020 ஏப்ரல் முதல் பதிவானவற்றில், இதைச் செய்ய வேண்டாம். அவற்றில் பெடல் மிதிக்கப்படும் தகவல் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கும் போகும். சுவிட்சில் நாலு ஒயர் இருந்தாலும் இதே எச்சரிக்கைதான். சர்வீஸ் சென்டரிலோ விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியனிடமோ கொடுத்துவிடுங்க. சில பழைய வண்டிகளில் சுவிட்ச் பெடலில் இல்லாமல் பிரேக் ஆயில் லைனில் இருக்கும். அதைக் கழற்றினால் ஆயில் கசிந்து பிரேக்கே பிடிக்காமல் போகலாம். அதையும் மெக்கானிக்தான் தொடணும்.

படி 5: ஒயரும் எர்த்தும்

இதற்கு ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். 12 வோல்ட் சின்னப் பல்பில் ரெண்டு ஒயர் இணைத்தது, ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும். ஒரு முனையின் கிளிப்பைச் சேஸிஸில் துருவில்லாத ஒரு போல்ட்டில் மாட்டுங்க. இன்னொரு முனையை ஹோல்டரின் காண்டாக்டில் வைத்து, ஒருவரை பெடலை மிதிக்கச் சொல்லுங்க.

டெஸ்ட் லேம்ப் எரிந்தால் கரண்ட் பின்னால்வரை ஒழுங்காக வருகிறது. பல்பு நல்லதாக இருந்தும் எரியவில்லை என்றால் குறை எர்த்தில். டெஸ்ட் லேம்ப் எரியவில்லை என்றால் கரண்ட் வரும் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது.

எர்த்தை உறுதிசெய்ய, ஹோல்டரின் எர்த் முனையிலிருந்து சேஸிஸின் சுத்தமான போல்ட்டுக்குத் தற்காலிகமாக ஒரு ஒயர் கொடுங்க. பல்பு பளிச்சென்று எரிந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள். எர்த் ஒயர் மாட்டியிருக்கும் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டும் துருவும் போகத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்க. துரு சீக்கிரம் திரும்பாது.

ஒயர் அறுந்திருந்தால், பாடிக்குக் கீழே சேஸிஸ் ஓரமாகப் போகும் வழியைப் பாருங்க. பட்டை ஸ்பிரிங் உரசும் இடம், பாடி போல்ட் அருகே நசுங்கும் இடம், டேப் சுற்றிய பழைய ஜாயிண்ட், எலி கடித்த இடம் எல்லாவற்றையும் கவனியுங்க. மார்க்கெட் பக்கம் நிற்கும் வண்டிக்கு எலித் தொல்லை சகஜம். இங்கே வெறும் டேப் சுற்றிச் சமாளிக்காமல், ஒயரைச் சரியாக இணைத்து பைப் போட்டு மூடச் சொல்லுங்க. ஃபியூஸ் மறுபடி மறுபடி போகும் வண்டியையும் இந்தக் கட்டத்தில் எலக்ட்ரீஷியனிடம் கொடுப்பதே நல்லது.

எல்.இ.டி.க்கு மாறலாமா?

மாறலாம். சாதாரண இழைப் பல்பு சூடாகி முழு வெளிச்சம் தர ஏறத்தாழ 0.2 நொடி எடுக்கும். எல்.இ.டி. உடனே எரிந்துவிடும். 60 கி.மீ. வேகத்தில் இது பின்னால் வருபவருக்குச் சுமார் 3 மீட்டர் கூடுதல் அவகாசம். ஆனால் தரமானதாக, சிவப்பாக, நிலையாக எரிவதாக இருக்கணும். வெள்ளையாகவோ நீலமாகவோ எரிவது, டிஸ்கோ மாதிரி மினுக்குவது, கண்ணாடிமேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது எதுவும் வேண்டாம்.

அதோடு, எரியும் லைட்டை மறைக்காமலும் இருக்கணும்! தார்ப்பாயின் வால் தொங்குவது, வாழை இலைக் கட்டு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, பொங்கல் சமயத்தில் கரும்புத் தோகை லைட்டை மூடுவது என்று தினமும் பார்க்கிறோம். லோடு கட்டி முடித்ததும் பின்னால் பத்தடி தள்ளி நின்று ஒரு தடவை பாருங்க.

வழியில் போய்விட்டால்?

ஓரமாக, முடிந்தால் ரோட்டை விட்டு இறக்கி நிறுத்துங்க. நாலு இண்டிகேட்டரையும் போடுங்க. முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்க. பெட்டியில் ரெண்டு பல்பும் நாலைந்து ஃபியூஸும் எப்போதும் இருந்தால் பெரும்பாலான கோளாறு அங்கேயே தீர்ந்துவிடும்.

நாலு இண்டிகேட்டரையும் போட்டபடியே ஊர்வரை ஓட்டிக்கொண்டு போவது தீர்வு அல்ல. நீங்கள் பிரேக் போடுவதும் திரும்புவதும் அதில் தெரியாது. பகலில், பக்கத்துப் பட்டறைவரை போவதற்குள், வலது கையை வெளியே நீட்டி உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் அசைத்தால் ‘வேகம் குறைக்கிறேன்’ என்று பொருள். இரவில் இந்தச் சைகை யாருக்கும் தெரியாது. மார்கழி விடியற்காலைப் பனியில், அதுவும் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஸ்ரீரங்கத்துக்கு வரும் நாட்களில், பிரேக் லைட் இல்லாத வண்டியை எடுக்கவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 102-ஆவது விதிப்படி, பிரேக்கை இயக்கியதும் பின்பக்கத்தில் சிவப்பு நிற விளக்கு எரிந்தாக வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 190-ஆவது பிரிவு, ஆபத்தான குறைபாட்டோடு வண்டி ஓட்டுவது பற்றியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,500 ரூபாய்வரை. அந்தக் குறைபாட்டால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ பொருள் சேதமோ ஏற்பட்டால் 3 மாதம்வரை சிறை, அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

இந்தப் பிரிவில் ரெண்டு விஷயத்தைக் கவனியுங்க. ஒன்று, குறைபாடு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். “எனக்குத் தெரியாது சார்” என்பது பதில் ஆகாது. இரண்டு, ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்ட வைப்பவரும் அனுமதிப்பவரும் பொறுப்பு. ஆகவே வண்டி முதலாளிகளே, டிரைவர் “லைட் வரலண்ணே” என்று சொன்னால் “இந்த ஒரு டிரிப் போயிட்டு வா” என்று அனுப்பாதீங்க. டிரைவர்களும் சொல்லாமல் இருந்துவிடாதீங்க.

எஃப்.சி.க்குப் போகும் முன்

மஞ்சள் போர்டு சரக்கு வண்டிகளுக்குத் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., கட்டாயம். வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கணும். திருச்சி மேற்குக்கு டி.என். 45, ஸ்ரீரங்கத்துக்கு டி.என். 48, திருச்சி கிழக்குக்கு டி.என். 81 என்பது பதிவுக் குறியீடு. விண்ணப்பமும் கட்டணமும் பரிவாகன் இணையதளத்தில் செலுத்தலாம். உங்க எஃப்.சி., இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்பதை எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டே பார்த்துக்கொள்ளலாம். இந்தச் செயலியிலோ டிஜிலாக்கரிலோ இருக்கும் ஆவணங்களை வாகனச் சோதனையில் காட்டலாம்.

மோட்டார் வாகன ஆய்வாளரை நம் ஊரில் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றுதானே சொல்வோம்? அவர் பார்ப்பவற்றில் பிரேக்கோடு விளக்குகளும் பின்பக்கச் சிவப்பு ஒளிப்பட்டையும் உண்டு. ஒரு பல்புக்காக வண்டியைத் திருப்பி அனுப்பினால் அன்றைய ஓட்டம் போச்சு. முந்தின நாள் மாலையே எல்லா லைட்டையும் போட்டுப் பார்த்துவிடுங்க. எஃப்.சி. நாளில் மட்டும் நல்ல பல்பு போட்டுக்கொண்டு போவதில் பயன் இல்லை. அடுத்த எஃப்.சி. வரை ஆண்டுக்கணக்கில் ரோட்டில் ஓடப்போவது இதே வண்டிதான்.

தினமும் ரெண்டு நிமிடம்

1. கண்ணாடியைத் துணியால் துடையுங்க. சேறு படிந்த லைட் எரிந்தும் பயனில்லை.
2. டெயில் லைட்டைப் போட்டுவிட்டு பெடலை மிதியுங்க. ரெண்டு பக்கமும் வெளிச்சம் கூடுதா?
3. பெடலை விட்டதும் உடனே குறையுதா?
4. இடது, வலது இண்டிகேட்டர் போடும்போது மற்ற லைட் துடிக்குதா?
5. தார்ப்பாயும் லோடும் லைட்டை மறைக்குதா?
6. பெட்டியில் மாற்று பல்பும் ஃபியூஸும் இருக்கா?

சிக்னலில் உங்களுக்கு முன்னால் நிற்கும் வண்டியில் பிரேக் லைட் வரவில்லை என்றால், வண்டி நிற்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்க. என் மாமாவுக்கு அன்றைக்கு ஒருவர் சொன்னது அப்படித்தான்.

அவசரத்துக்கு

விபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 108. காவல் உள்ளிட்ட எல்லா அவசர உதவிக்கும் 112. தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுதாகி நின்றாலோ விபத்து நடந்தாலோ 1033. சாலை விபத்தில் காயமடைந்தவர்களுக்கு முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இதைப் பெறலாம். காயம்பட்டவரை நல்லெண்ணத்தோடு மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பயப்படாமல் உதவுங்க.